வெட் செக்கில் கேள்வி எல்லாம் குதிரைக்குத்தான்

முதல் எண்டியூரன்ஸ் ரைடுக்கு, அதாவது நெடுந்தூரக் குதிரைப் போட்டிக்கு, பெயர் கொடுத்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. வெட் (கால்நடை மருத்துவர்) செய்யும் செக்கில் என்ன பண்ணுவார்கள், குதிரை பாஸ் ஆகிவிடுமா? எந்தச் சேணம், எந்த ஹெல்மெட், பாதையில் பாம்பு இருக்குமா என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். பயம் நியாயமானதுதான். மலை ஏறி இறங்கி 50 மைல் ஓட்டி வந்த பிறகு, ஸ்டெதாஸ்கோப் மாட்டிய ஒருவர் தலையை இடவலமாக ஆட்டினால் அன்றைய கதை முடிந்தது, மேல்முறையீடெல்லாம் கிடையாது. நான் சேணத்தில் உட்கார்ந்ததைவிட, வெட் பக்கத்தில் கிளிப்போர்டோடு நின்று அவர் சொல்லச் சொல்ல கார்டில் எழுதியதுதான் அதிகம். வடக்குக் கலிஃபோர்னியாவில் இந்த ரைடுகளுக்கு எப்போதும் தன்னார்வலர் பஞ்சம் உண்டு, ஒரு தடவை தலையைக் காட்டினால் விடமாட்டார்கள். அந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: எண்டியூரன்ஸ் என்பது ஒரே நாளில் 50 மைலோ 100 மைலோ ஒரே குதிரையில் போய்ச் சேர்வது. அமெரிக்காவில் ஏஇஆர்சி என்ற அமைப்பின் விதிப்படி 50 மைலுக்கு 12 மணி நேரம், 100 மைலுக்கு 24 மணி நேரம், நடுவில் கட்டாயமாக நிற்கும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம். பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்கு 25 முதல் 35 மைல் வரை சிறிய ரைடுகள் உண்டு. வழியில் சில இடங்களில் நிறுத்தி குதிரையைச் சோதிப்பார்கள், அதுதான் வெட் செக்.

செக் ரைடு அன்று தொடங்குவதில்லை. பெரும்பாலும் முந்தைய நாள் சாயங்காலமே, முகாமில் ட்ரெய்லரை நிறுத்தியதும் குதிரையை இழுத்துக்கொண்டு போய் காட்டவேண்டும். அங்கேதான் கார்டு கைக்கு வரும், குதிரையின் பின்தொடையில் தடிமனான கிரேயானால் எண்ணை எழுதுவார்கள். இதைச் சடங்கு மாதிரி நினைத்துச் சிலர் போனைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். மறுநாள் முழுக்க உங்கள் குதிரையை ஒப்பிடப் போவது கார்டில் ஏறும் இந்த முதல் பதிவோடுதான். உங்கள் குதிரையின் முதுகில் பழைய தழும்பு இருக்கிறதா, நடையில் பிறவியிலேயே ஒரு சின்னக் கோணல் இருக்கிறதா, இப்போதே சொல்லிக் கார்டில் ஏற்றிவிடுங்கள். நாளைக்கு 30 மைல் கழித்து "இது எப்பவும் இப்படித்தான் டாக்டர்" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நானும் நம்பமாட்டேன்.

சரி, ரைடு நாள். செக் பாயின்ட்டுக்குள் நுழைந்ததும் ஒருவர் நீங்கள் வந்த நேரத்தைக் கார்டில் எழுதிக் கொடுப்பார். இங்கே புதியவர்கள் பலருக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. உங்கள் ஓய்வு நேரம் நீங்கள் வந்த நிமிடத்திலிருந்து ஓடாது. குதிரையின் பல்ஸ் அன்றைக்குச் சொல்லப்பட்ட எண்ணுக்கு இறங்கிய நிமிடத்திலிருந்துதான் ஓடும். அந்த எண் பெரும்பாலும் 60, சில இடங்களில் 64. நீங்கள் 10 மணிக்கு வந்து, பல்ஸ் 10:12க்கு இறங்கி, அங்கே நிற்க வேண்டியது 45 நிமிடம் என்றால், 10:57க்குத்தான் கிளம்பலாம். உங்களுக்குப் பின்னால் 10:05க்கு நடந்தே வந்தவரின் குதிரை 10:07க்கே இறங்கிவிட்டால் அவர் உங்களுக்கு முன்னால் போய்விடுவார். அதாவது கடைசி ஒரு மைலை நீங்கள் பாய்ந்து வந்ததில் ஒரு பைசா லாபமில்லை. அரை மணிக்குள் பல்ஸ் இறங்கவில்லை என்றால் போட்டியிலிருந்தே வெளியே.

அதனால்தான் அனுபவசாலிகள் முகாம் கண்ணில் பட்டதும் இறங்கி, சேணத்தின் வயிற்று வாரைத் தளர்த்தி, குதிரையோடு நடந்து வருவார்கள். வந்தவுடன் தண்ணீர்த் தொட்டி. குடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். வெயில் நாளாக இருந்தால் கழுத்து, மார்பு, கால்களின் உட்புறம் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். குளிர்காற்று அடிக்கும் நாளில் பின்தொடைப் பெரிய தசைகளில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், பிடித்துக்கொள்ளும். பல்ஸ் 68லேயே நின்று இறங்கமாட்டேன் என்கிறதா, ஒரு ஓரமாக வைக்கோல் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்திப் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்த குதிரைக்கு மளமளவென்று இறங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கூடவே வந்த ஜோடிக் குதிரை கண்ணை விட்டு மறைந்தால் சிலதுகள் கனைத்துக் கனைத்தே பல்ஸை ஏற்றிக்கொள்ளும். அது உடம்புக் கோளாறில்லை, ஆனாலும் எண் எண்தான். நண்பரையும் அவர் குதிரையையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

பல்ஸ் பார்ப்பவர் இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவார். 15 துடிப்பு என்றால் 60, 16 என்றால் 64. அந்த 15 நொடிக்குள் குதிரை ஈயை விரட்டக் காலை உதைத்தாலோ நீங்கள் பக்கத்தில் யாரிடமாவது பேசினாலோ ஒரு துடிப்பு கூடக் குறைய விழும், கணக்கில் அது நாலு. ஆகவே வாயை மூடிக்கொண்டு, குதிரையின் தலையைத் தாழ்வாக வைத்துக்கொண்டு நில்லுங்கள். நீங்களே ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கி வீட்டில் பழகிக்கொள்வது நல்லது, விலை ஒன்றும் அதிகமில்லை. பழகும்போது இரண்டு விஷயம்: "லப்-டப்" இரண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு. நன்றாகப் பயிற்சி பெற்ற குதிரை ஓய்வில் இருக்கும்போது நாலைந்து துடிப்புக்கு ஒன்றை விட்டுவிட்டு அடிக்கலாம், முதல் தடவை கேட்டால் உங்கள் இதயமே நின்றுவிடும், பெரும்பாலும் அது சாதாரணம்தான். கட்டுத்தறியில் சும்மா நிற்கும்போது 28லிருந்து 44க்குள் இருக்கும். உங்கள் குதிரையின் எண் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பல்ஸ் இறங்கிய பிறகுதான் வெட்டிடம் வரிசை. அவர் முகத்திலிருந்து தொடங்குவார். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார், இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கவேண்டும். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுவார், வெளுத்த இடம் ஒன்றிரண்டு நொடியில் மறுபடி சிவக்கவேண்டும். கழுத்தின் பெரிய ரத்தக் குழாயை விரலால் அடைத்து, அது எவ்வளவு சீக்கிரம் மேலே புடைக்கிறது என்று பார்ப்பார். தோள்பட்டை பக்கம் தோலைக் கிள்ளித் தூக்குவார், கூடாரம் போட்டதுபோல அப்படியே நின்றால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. அப்புறம் முதுகு நெடுக விரலை ஓட்டுவார், குதிரை முதுகைக் குழித்து விலகினால் சேணம் எங்கேயோ உரசுகிறது. வயிற்று வார் பட்ட இடம், வாயோரம், கால்களில் வீக்கம், சூடு, ஒரு குளம்பு இன்னொரு காலில் பட்ட கீறல். வாலைத் தூக்கி ஆசனவாய் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்ப்பார், கூச்சப்படாதீர்கள், களைத்துப்போன குதிரைக்கு அது தளர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று எழுத்துச் சொல்லிக்கொண்டே போவார், என்னைப் போன்ற ஒரு ஆள் எழுதிக்கொண்டே போகும்.

இதில் எனக்குப் பிடித்தது வயிறு கேட்பது. வலம் இடம், மேல் கீழ் என்று நாலு இடத்தில் வைத்துக் கேட்பார்கள். கடமுடவென்று சத்தம் வந்தால் சந்தோஷம். அமைதிதான் ஆபத்து. ஓடும்போது ரத்தம் எல்லாம் தசைக்குப் போய்விடுவதால் குடல் மெதுவாகும், அது இயல்பு. திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு செக்கில் பழுப்பு அரேபியன் ஒன்று வந்தது, மற்ற எல்லாவற்றிலும் ஏ. வயிற்றில் மட்டும் வெட் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார், வலது மேல் பக்கம் சி, கீழே சி என்று மெதுவாகச் சொன்னார், இடது பக்கம் பி. ஓட்டி வந்த பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. வெட் ஒன்றும் திட்டவில்லை, "போய் நனைத்த தீவனம் கொடு, பச்சைப்புல் இருந்தால் மேயவிடு, கிளம்பும் முன் என்னிடம் திரும்ப வா" என்றார். வரும்போது குதிரையின் வாயில் இன்னும் புல் தொங்கிக்கொண்டிருந்தது, லத்தி போட்டுவிட்டது என்று அந்தப் பெண் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். குதிரை லத்தி போட்டதற்குக் கைதட்டல் கிடைக்கும் விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அடுத்து டிராட்-அவுட். நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு நேராக ஓடவேண்டும், அங்கே இருக்கும் கூம்பைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். வெட் பார்ப்பது குதிரை நொண்டுகிறதா என்று. முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தலை கீழே போகும். பின்னங்கால் என்றால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கித் தூக்கி விழும். இதைப் பார்க்க விடாமல் செய்வது பெரும்பாலும் ரைடர்தான். கயிற்றைக் கன்னத்துக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்தால் தலை அசைய இடமில்லை, உண்மையான நடை தெரியாது, மறுபடி ஓடு என்பார்கள். இரண்டு மூன்றடி கயிறு தளர்வாக விடுங்கள். குதிரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இழுக்காதீர்கள், நீங்கள் திரும்பினால் அது நின்றுவிடும். முன்னால் பார்த்து ஓடுங்கள். திரும்பும்போது நடக்கவிட்டு, நேராக வந்ததும் மறுபடி டிராட். தயவுசெய்து வீட்டில் இதைப் பழக்குங்கள், வாரத்தில் நாலு நாள், ஒரு குரல் கொடுத்தால் கூட ஓடி வருகிற அளவுக்கு. 70 கிலோ மனிதர் 430 கிலோ குதிரையை இழுக்க, அது அசையாமல் நின்று கொட்டாவி விட, வெட் உற்சாகம் என்ற கட்டத்தில் பி மைனஸ் போட்டதை எழுதியிருக்கிறேன். அந்தக் குதிரைக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இழுத்தவர்தான் நொண்டிக்கொண்டிருந்தார், விதிப்படி மனிதர் நொண்டலாம்.

டிராட்டோடு சேர்த்து இன்னொரு சோதனையும் நடக்கும். கெர்ரி ரிட்ஜ்வே என்ற கால்நடை மருத்துவர் பெயரால் வழங்குவது, கார்டில் சிஆர்ஐ (கார்டியாக் ரிகவரி இண்டெக்ஸ்) என்று இருக்கும். முதலில் நாடியை எண்ணிக்கொள்வார்கள். 125 அடி போய் 125 அடி திரும்பி வரவேண்டும். ஓடத் தொடங்கியதிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுவார்கள். 56/52 என்று இருந்தால் பிரமாதம், 56/56 நல்லது. 60/68 என்று வந்தால் வெட் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றமாட்டார். அந்தக் குதிரைக்கு எங்கேயோ வலிக்கிறது, அல்லது உடம்பு வறண்டுவிட்டது, அல்லது களைப்பு எல்லையைத் தொட்டுவிட்டது. இறங்கி நிற்கும் பல்ஸ் ஏமாற்றலாம், இது அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. என்னைக் கேட்டால் கார்டில் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் இதுதான்.

ஆனால் ஒரு தனி எழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரே ஒரு பி-யைப் பார்த்துவிட்டு அழுதவர்கள் உண்டு. வெட் பார்ப்பது இடமிருந்து வலமாக. நேற்று ஏ, முதல் செக்கில் ஏ, இரண்டாவதில் பி, மூன்றாவதில் பி மைனஸ் என்று ஒரே வரிசை வழுக்கிக்கொண்டே போனால் அது சேதி. முதலிலிருந்தே பி, கடைசியிலும் பி என்றால் அந்தக் குதிரை அப்படித்தான். கார்டு உங்கள் கையில்தான் இருக்கிறது, வெட் பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம், பெரும்பாலோர் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். பார்த்தால் அடுத்த சுற்றில் வேகத்தைக் குறைக்கலாம், உப்பு கொடுக்கலாம், அல்லது போதும் என்று நீங்களே கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்படி விலகுவதற்குத் தனியாக ஒரு குறியீடே இருக்கிறது, ரைடர் ஆப்ஷன் என்று. அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வெட் நிறுத்தும்போது காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கால், அல்லது உள்ளுடம்பு. கால் என்றால் எல்லோருக்கும் தெரியும். உள்ளுடம்புக் கோளாறு வெளியே தெரியாமல் வரும், அதற்குத்தான் இத்தனை கிள்ளலும் அழுத்தலும். வெயிலில் ஒரு குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வேர்க்கும். மனித வேர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது, அதனால் நாம் வேர்க்க வேர்க்க ரத்தத்தில் உப்பு கெட்டியாகித் தாகம் எடுக்கிறது. குதிரையின் வேர்வையில் ரத்தத்தைவிட உப்பு அதிகம். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் மூளைக்குத் தாகம் என்ற தகவலே போகாமல், வறண்டுபோன குதிரை தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். உப்புக் கலவையைக் குழைத்து சிரிஞ்சில் வாய்க்குள் ஏற்றுவது இதற்காகத்தான். உப்பும் கால்சியமும் ரொம்பக் குறைந்தால் இதயம் துடிக்கிற தாளத்திலேயே விலா ஓரம் வெட்டி வெட்டி இழுக்கும், தம்ப்ஸ் என்பார்கள், பார்த்தவுடன் வெட் நிறுத்திவிடுவார். பின்தொடைத் தசை கல்லாக இறுகி, நடக்க மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் அது டையிங்-அப். ஒரு அடிகூட நடத்தாதீர்கள், அங்கேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் வெட் வேலை.

டெவிஸ் கப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 1955ல் வெண்டல் ரோபி என்பவர் நண்பர்களோடு தொடங்கிய ரைடு அது. சியரா மலைக்கு மேலிருந்து ஆபர்ன் ஊர் வரை 100 மைல், விடியற்காலை 5:15க்குக் கிளம்பி மறுநாள் 5:15க்குள் வந்து சேரவேண்டும். கிளம்பியவர்களில் சுமார் பாதிப்பேர்தான் முடிக்கிறார்கள். முக்கியமான நிறுத்தம் இரண்டு: 36 மைல் வாக்கில் ராபின்சன் ஃபிளாட், 68 மைல் வாக்கில் ஃபாரஸ்ட்ஹில், இரண்டிலும் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். நடுவிலும் அப்புறமும் சின்னச் சின்ன சோதனைகள் உண்டு, சிலவற்றில் நிற்கும் நேரமே இல்லை, பார்த்ததும் போய்விடலாம். இந்த இரண்டுக்கும் நடுவேதான் அந்தப் பள்ளத்தாக்குகள், கோடை மதியத்தில் காற்றே இல்லாமல் அடுப்புக்குள் இறங்கி ஏறுவது. அதனால் ராபின்சன் ஃபிளாட்டில் எல்லாம் ஏ வாங்கிய குதிரையை வைத்துப் பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஃபாரஸ்ட்ஹில் கார்டைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

நிற்கும் நேரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அது குதிரை சாப்பிடும் நேரம், நீங்கள் கதை பேசும் நேரம் அல்ல. நனைத்த தீவனம், வைக்கோல், கேரட், எது பிடிக்குமோ எல்லாம் எதிரே இருக்கட்டும். சில குதிரைகள் பக்கத்து வாளியில்தான் சாப்பிடும், விடுங்கள், பக்கத்து ஆளும் கோபித்துக்கொள்ளமாட்டார். நீங்களும் சாப்பிடுங்கள், அதை மறந்து மயங்கி விழும் ரைடர்களுக்கு வெட் உதவமாட்டார், அவர் படித்தது வேறு.

கடைசிக் கோட்டைத் தாண்டிய பிறகும் ஒரு செக் உண்டு, அங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். 50 மைலும் முடித்தாகிவிட்டதே என்று நினைப்பார்கள். விதி கேட்பது இந்தக் குதிரை இன்னும் மேலே போகத் தகுதியாக இருக்கிறதா என்று. அதாவது முடித்த பிறகும் இன்னொரு சுற்று போகக்கூடிய நிலையில் கொண்டுவந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. முதலில் கோட்டைத் தொட்ட குதிரையே நொண்டி வெளியேறுவது நடக்கிறதுதான். சின்ன ரைடுகளில் இன்னும் கறார், பல்ஸ் இறங்கும் நிமிடமே முடித்த நேரம். டெவிஸில் முதல் பத்துக் குதிரைகளை மறுநாள் காலை மறுபடி சோதித்து, நல்ல நிலையில் இருப்பதற்கு ஹேகின் கப் கொடுக்கிறார்கள், 1964லிருந்து. பழைய ஆட்களைக் கேட்டால் முதலாவதாக வருவதைவிட அதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

கார்டைக் கொடுத்துவிட்டு டி-ஷர்ட் வாங்கிக்கொண்டு தூங்கப் போய்விடாதீர்கள். வயிற்றுவலி சில சமயம் எல்லாம் முடிந்து சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். ராத்திரி ஒருமுறை எழுந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: வைக்கோல் குறைந்திருக்கிறதா, தண்ணீர் வாளி குறைந்திருக்கிறதா, லத்தி கிடக்கிறதா. மூன்றும் இருந்தால் திரும்பப் படுத்துக்கொள்ளலாம். ஒன்று இல்லை என்றாலும், அல்லது குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், நேரம் பார்க்காமல் வெட் கூடாரத்தைத் தட்டுங்கள். தூக்கத்தில் எழுப்பியதற்காக எந்த வெட்டும் கோபித்து நான் பார்த்ததில்லை. விடிகிறவரை காத்திருந்ததற்காகக் கோபித்துப் பார்த்திருக்கிறேன்.